நூற்றிருபது ஃப்ரேம்

திரையின் மூலையில் பச்சை எழுத்தில் நூற்றிருபது என்றே காட்டிக்கொண்டிருந்தது. அங்கேதான் வேதாவுக்கு உறுத்தியது. கேமில் நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று சொல்கிற கணக்கு அது. நூற்றிருபது என்றால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். போகவில்லை. எதிராளி தூரத்துச் சுவரோரம் நின்றான், அடுத்து பார்த்தால் மூஞ்சிக்கு நேரே நின்றான், நடுவில் அவன் நடந்து வந்ததைக் காணோம். திங்கட்கிழமை காலையிலிருந்து இதே ரோதனை.

லேப்டாப் வாங்கி எட்டு மாசம்கூட ஆகவில்லை. வருகிற ஞாயிறு சாயங்காலம் கேம் போட்டிக்குத் தகுதிச் சுற்று வேறு. சும்மா விடுகிற ஆளா வேதா? படம் காட்டுகிற டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி போட்டாள். பின்னால் ஓடுகிற ஆப் அத்தனையையும் நிறுத்தினாள். சார்ஜரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து பிடுங்கிச் சுவரிலேயே செருகினாள். கிராஃபிக்ஸை இறக்கி இறக்கி, மரமெல்லாம் களிமண் உருண்டையாகத் தெரிகிற வரைக்கும் கொண்டுபோனாள். நம்பர் கூடியது, படம் மட்டும் திக்கியது. இருபத்தாறு வயசில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து அழுதாள் என்றால் சிரிப்பீர்கள். அழுதாள்.

சனிக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு ஜோசலின் அக்கா சிட்லபாக்கம் வீட்டுக்கே வந்தாள். கேம்ப் ரோட்டில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருப்பவள். அடிப்பலகையைக் கழற்றி, குட்டி ஃபேனில் அப்பியிருந்த தூசியை பிரஷ்ஷால் தட்டினாள். சூடுபட்ட தூசி நாற்றம் ரூம் முழுக்கப் பரவியது. சூடு தணிக்கிற பேஸ்ட் தடவி மூடி, கேமை ஓட்டிப் பார்த்தாள்.

"இன்னா வேதா, வெண்ண மாதிரி வழுக்கிக்கினு போவுது. இதுக்கா என்னை வரச்சொன்ன?"

வேதா எட்டிப் பார்த்தாள். திரை வெட்டி வெட்டித் துள்ளியது.

"அக்கா, உங்களுக்கு இது தெரியலையா? நின்னு நின்னு போகுதே."

ஜோசலின் திரையைப் பார்த்தாள், அப்புறம் வேதாவைப் பார்த்தாள். "மிஷின்ல ஒண்ணும் இல்ல. நீ போய் கண்ணைக் காட்டு. தூங்குறியா இல்லியா?" என்று பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "வரேன்மா" என்றாள்.

எல்லாரும் சொல்கிற சொல்தான். எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் போறேன் என்று யார் சொல்கிறார்கள்? ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்ததும் வேதா திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

போன ஞாயிறு அவள் படப்பைக்குப் போயிருந்தாள். அவளோடு கேம் டீமில் ஆடிய முகிலன் ஒரகடம் ரோட்டில் லாரி மோதிச் செத்துப்போயிருந்தான். துக்கம் கேட்டுவிட்டுத் திரும்பும்போது சொல்லிக்கொள்ளக் கூடாது, பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும் என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினாள். அங்கே மாலை போட்ட போட்டோவில் முகிலன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். ரெண்டு வருஷமாக ஒவ்வொரு ராத்திரியும் மைக்கை அணைக்கும் முன் சொல்கிற வாய், பாழாய்ப்போன பழக்கதோஷம், அந்தப் போட்டோவைப் பார்த்துச் சொல்லிவிட்டது.

"வரேன் முகில்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா பொன்னியம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். மறுநாள் காலையில் படம் திக்க ஆரம்பித்தது.

'சீ, பைத்தியக்காரத்தனம்' என்று வேதா தன்னையே திட்டிக்கொண்டு லேப்டாப்பை மூடினாள். மூடி கீழே வந்ததை அவள் பார்க்கவில்லை. திறந்திருந்தது, பிறகு மூடியிருந்தது.

தலைக்கு மேலே சீலிங் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்தாள். இறக்கைகள் ஓரிடத்தில் நின்றன. பிறகு வேறிடத்தில் நின்றன. ஸ்டேஷன் பக்கமிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயினின் ஹார்ன் துண்டு துண்டாக வந்தது, துண்டுகளுக்கு நடுவே ஒன்றுமே இல்லை. காகம், குக்கர், தெருவில் பால்காரர் வண்டி, எதுவுமில்லை. அந்த இடைவெளிகள்தான் நீண்டுகொண்டே போயின.

லேப்டாப்பில் ஒரு கோளாறும் இல்லை. அவளுக்குத்தான் படம் விட்டுவிட்டு வருகிறது.

ஜன்னல் வழியே கேட் தெரிந்தது. மூடிய கேட்.

கேட்டுக்கு வெளியே ஒருத்தன்.

கேட்டுக்கு உள்ளே அதே ஆள்.

கத்த நினைத்தாள். வாய் திறக்கவே அத்தனை நேரம் ஆனது. அப்பா போனபிறகு இந்த வீட்டில் ரெண்டே பேர். அம்மாவுக்கு அவளை விட்டால் நாதியில்லை. அது ஒன்றுதான் அவள் மனசில் ஓடியது. நான் சும்மா சொன்னேன்டா முகில், வாய் தவறிச் சொன்னேன், என்னால வர முடியாது, அம்மா தனியா இருப்பாங்க.

வாசற்படியில்.

ஹாலில், சோபாவுக்கு இந்தப் பக்கம்.

"வேதா, காபி..."

அம்மா. ரூம் வாசலில் டம்ளரோடு. எப்போது வந்தாள்? அப்பாடா என்று உயிர் திரும்பியது வேதாவுக்கு. நாற்காலியை விட்டு எழுந்து அம்மாவிடம் ஓடினாள்.

அம்மா நகரவில்லை. காபி ஆவி டம்ளருக்கு மேலே எழும்பி அப்படியே நின்றது. காபி என்று சொன்ன உதடு பாதியில் நின்றது. தெரு, ஃபேன், ஜன்னல் திரை, எல்லாம் நின்றது.

அம்மாவுக்குப் பின்னால் முகிலன் வந்தான். அவன் மட்டும் திக்கவில்லை. காலெடுத்து வைப்பது, கை வீசுவது, கழுத்தைச் சாய்ப்பது எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிச் சீராக வந்தது. அவசரமே இல்லை அவனுக்கு.

வேதா அம்மாவின் முந்தானையைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

கை ஒரு திக்கலும் இல்லாமல் நீண்டது.

"அம்மா, என்னைப் பாரும்மா."

அம்மா பார்க்கவில்லை. விரிந்து நின்ற அந்தக் கண்கள் வேதாவின் தோளைத் தாண்டி, அவள் எழுந்து வந்தும் இன்னும் காலியாகாத நாற்காலியில் நிலைகுத்தியிருந்தன. டம்ளர் அம்மாவின் விரல்களிலிருந்து நழுவி, தரைக்கு ஒரு முழம் மேலே நின்றது.