மாடி அறையில் அனுராதா

வைஃபையை அணைத்த பிறகும் மாடியில் சிரிப்புச் சத்தம் நிற்கவில்லை.

ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் கையை விட்டபடி ஜெபசெல்வி அப்படியே நின்றாள். பிடுங்கிய பிளக் விரல்களுக்குள் வெதுவெதுப்பாக இருந்தது. ரவுட்டரின் பச்சை விளக்குகள் அணைந்துவிட்டன. வழக்கமாக இந்த நேரத்துக்கு மாடியில் பேச்சு பாதியில் அறுந்திருக்கும். "ஹலோ, ஹலோ, கேக்குதுங்களா?" என்று நேசகுமார் கத்தியிருப்பான். நாற்காலி நகரும், படியில் அவன் செருப்புச் சத்தம் இறங்கி வரும், அதற்குள் அவள் பிளக்கைத் திரும்பச் செருகிவிட்டு அடுப்படியில் ரசத்தை இறக்கிக்கொண்டிருப்பாள்.

"மறுபடியும் போச்சு செல்வி."

"ஆடிக் காத்து. ஒயரு எங்கனா ஆடும்," என்பாள் திரும்பிப் பார்க்காமல்.

இன்று செருப்புச் சத்தம் வரவில்லை. ஒரு பெண்ணின் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பொறுத்து, அதற்குப் பதில் சொல்வதுபோல் அவன் சிரிப்பு.

அவனுடைய லேப்டாப் அவர்கள் கல்யாணத்துக்கு முன்பே அவனோடு இருந்தது. கீல் தளர்ந்துபோய், பேட்டரி செத்து, சார்ஜரைக் கழற்றினால் அந்த நொடியே அணைந்துவிடும் பெட்டி. சென்னை கம்பெனி ஒன்றுக்கு இன்சூரன்ஸ் பில்களைச் சரிபார்க்கும் வேலையை அவன் அதில்தான் செய்தான். நெட் அறுந்து அறுந்து போவதற்கு அவன் பார்க்காத வைத்தியம் இல்லை. அணைத்துப் போட்டான். பாஸ்வேர்டை அழித்துத் திரும்பக் கொடுத்தான். டிரைவரைப் புதுசாக ஏற்றினான். போனில் நன்றாக வருகிறது, லேப்டாப்பில் மட்டும் போகிறது, அப்படியானால் கோளாறு லேப்டாப்பில்தான் என்று முடிவுக்கு வந்திருந்தான். பாதிக் கோளாறு தன் மனைவியின் கையில் இருப்பது அவனுக்குத் தெரியாது.

அனுராதாவின் குரல் கேட்கும் சாயங்காலங்களில் மட்டும்தான் அவள் பிளக்கைப் பிடுங்கினாள்.

"ஆபீஸ்ல புதுசா சேர்ந்தவங்க," என்று அவனே ஒருநாள் சொன்னான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு இருந்ததே! செல்வியிடம் அவன் நல்லவன்தான், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போது அவள் கையிலிருந்து பைபிளைக்கூட வாங்கித் தான் வைத்துக்கொள்வான், சம்பளத்தைக் கையில் கொடுப்பான். ஆனால் அவளோடு இருக்கும்போது ஒரு தடவைகூட அப்படி வயிறு குலுங்கச் சிரித்ததில்லை. அவனுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே அனுராதா வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

அவள் மாடிப்படி ஏறினாள். மொட்டை மாடியில் சிமென்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை. மலைக்கோயிலின் விளக்குகள் எதிரே ஏறிக்கொண்டிருந்தன. கதவைத் தள்ளியதும் முதலில் வாசனைதான் வந்தது, மருக்கொழுந்தும் ஈரத் தலைமுடியும் கலந்த வாசனை. குளித்துவிட்டு ஒருத்தி இப்போதுதான் இந்த இடத்தைக் கடந்து போனதுபோல.

நேசகுமார் திரையை லேசாகத் தன் பக்கம் சாய்த்தான்.

"இன்னா செல்வி?"

"நெட்டு போயிடுச்சு இல்ல?"

"இல்லியே. இன்னிக்குத்தான் நல்லா வருது."

அவன் போனிலிருந்து நெட் எடுக்கிறானோ என்று பார்த்தாள். போன் கீழே ஹாலில் சார்ஜில் கிடந்தது, அதைத் தாண்டித்தான் அவள் வந்திருந்தாள். பயத்தைவிட வேகமாக இன்னொன்று மேலே வந்தது. அவளோட பேச வேற வழி கண்டுபிடிச்சிட்டான், என்று நினைத்தாள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போதுதான் அது முதலில் நடந்தது.

"நாளைக்கு பள்ளிப்பட்டுக்கு," என்று ஆரம்பித்தவன் நின்றுவிட்டான். சோற்றுக்கை வாய்க்குப் பாதி தூரத்தில். வாய் திறந்திருந்தது. உள்ளே நாக்கின் மேல் ஒரு பருக்கை தெரிந்தது. ஃபேன் காற்றில் அவன் நெற்றி முடி மட்டும் அசைந்தது. கண் இமைக்கவில்லை. ஏதோ விளையாடுகிறான் என்று நினைத்துக் காத்திருந்தாள். விளையாட்டு நீண்டுகொண்டே போனது.

"என்னங்க?"

"போவணும். சித்தப்பா கூப்டுகினே இருக்காரு," என்று முடித்துச் சோற்றை வாயில் போட்டுக்கொண்டான். நடுவில் ஒன்றுமே நடக்காததுபோல.

முன்பு எப்போதோ கொடுத்த கம்ப்ளெயின்ட்டுக்கு, கேபிள்காரர் துளசிங்கம் மறுநாள் சாயங்காலம்தான் வந்தார். இப்போது வேண்டாம், எல்லாம் சரியாகிவிட்டது என்று நேசகுமார் தடுத்தான். செல்வி விடவில்லை. "வந்ததுக்குப் பார்த்துட்டுப் போவட்டும்," என்று அவரை மாடிக்கு அழைத்துப் போனாள். நேசகுமார் கதவருகே நகம் கடித்துக்கொண்டு நின்றான், ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறைக்கு வெளியே நிற்பவனைப்போல.

துளசிங்கம் போனை வைத்துப் பார்த்தார், லேப்டாப்பை வைத்துப் பார்த்தார். பிறகு அதைக் கவிழ்த்து அடிமூடியின் திருகுகளைக் கழற்றினார்.

"ரவுட்டருல ஒண்ணுமில்லம்மா. இதோ பாரு, இந்தச் சின்ன கார்டுதான் உள்ள வைஃபையை இழுக்குறது. கருகியே போச்சு. கழட்டி எடுத்துக்குறேன். கிருத்திகைக் கூட்டம் முடியட்டும், சென்னையிலேர்ந்து வேற வாங்கிட்டு வர்றேன். அதுவரைக்கும் இந்தப் பெட்டியில நெட்டு வராது."

"வரவே வராதாண்ணே?"

"எப்படிம்மா வரும்? கார்டு என் கையில இருக்குது." சிரித்தவர் குனிந்து மறுபடி உள்ளே பார்த்தார். "அடடே, ஃபேன்ல முடி சுத்திகினு இருக்குது பாரு. அதான் இவ்ளோ சூடு."

இடுக்கியால் பிடித்து இழுத்தார். வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. நேரான, கறுத்த, கனமான முடி. கடைசி நுனி வெளியே வந்தபோது அவர் கை தோளுக்கு மேலே போயிருந்தது. முடியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் மேஜையில் விழுந்தது.

"உன்னுதாம்மா?"

செல்வியின் முடி சுருட்டை, தோளைத் தாண்டாது. துளசிங்கம் அதைக் கீழே போட்டு, விரல்களை வேட்டியில் இரண்டு மூன்று தடவை துடைத்துக்கொண்டார். டீ வேண்டாம் என்றுவிட்டு அவசரமாக இறங்கிப் போனார், நேசகுமாரும் பின்னாலேயே இறங்கினான்.

அவர் வண்டிச் சத்தம் தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்து, முடியை விரலில் சுற்றிக்கொண்டு கீழே ஹாலில் அவன் முன்னால் போய் நின்றாள்.

"நான் வேலைக்குப் போறப்ப யாரு வர்றா இங்க?"

"யாரும் வரல."

"இது யாரோடது? சொல்லுங்க. அவளா? ஊட்டுக்கே கூட்டிகினு வந்துட்டீங்களா?"

"செல்வி, நான் சொல்றதைக்" என்றான். நின்றுவிட்டான்.

நீட்டிய கை நீட்டியபடி. திறந்த வாய் திறந்தபடி. அவள் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். ஈரமண் மூட்டைபோல் கனத்துக் கிடந்தது தோள். மூச்சு இருக்கிறதா என்று மூக்கருகே விரலை வைத்தாள். இருந்தது. ரொம்ப மெதுவாக.

அப்போது மாடியிலிருந்து சிரிப்பு கேட்டது.

அவன் சிரிப்பு.

அவன் இங்கே இருந்தான், அவள் பிடிக்குள். அந்தக் குரல் படிகளில் உருண்டு இறங்கி வந்தது, வயிறு குலுங்க, தாராளமாக. கூடவே அந்தப் பெண்ணுடையதும்.

ஓடியிருக்கலாம். பக்கத்து வீட்டு அம்சாவின் கதவு நாலு எட்டில் இருந்தது. ஓடினால் இவனை அவளுக்கு விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும் என்ற ஒரே நினைப்புதான் செல்வியை அங்கேயே நிறுத்தியது. அவன் தோளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் இமைத்தான். "கேளு," என்று முடித்தான். பிறகு சுற்றிப் பார்த்து, "எனக்குத் தூக்கம் வருது," என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

ஆடிக் கிருத்திகை அன்று ஊர் முழுக்கக் காவடி. அரக்கோணம் சாலையில் வண்டி ஏதும் நகரவில்லை. அவள் ரிசப்ஷனில் இருக்கும் ஸ்கேன் சென்டரை மத்தியானத்தோடு மூடிவிட்டார்கள். பம்பைச் சத்தத்துக்கும் அரோகரா கூச்சலுக்கும் நடுவில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்தபோது போன் அடித்தது.

"நேசகுமார் வீடுங்களா? நான் ஆபீஸ்லேர்ந்து ஹரிஹரன். அவர் டீம் லீடர். சாருக்கு உடம்பு சரியில்லீங்களா? லாகின் பண்ணியே ரொம்ப நாளாச்சு, போனும் எடுக்க மாட்டேங்கிறார்."

"தினமும் வேலை செய்றாரே. சாயங்காலம் மீட்டிங்கூட..."

"எங்களுக்குச் சாயங்காலம் மீட்டிங்கே கிடையாதுங்க."

அவள் ஒரு பூக்கடையின் படுதாவுக்கு அடியில் ஒதுங்கினாள். மறு காதைப் பொத்திக்கொண்டாள். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள். "அனுராதான்னு ஒருத்தங்க..."

"அனுராதாவா? எங்க டீம்ல லேடீஸே இல்லீங்களே."

மருக்கொழுந்து வாசனை அடித்தது. பூக்கடைதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாளியில் மல்லியும் சாமந்தியும்தான் இருந்தன.

வீட்டை அடைந்தபோது மழை பிடித்துக்கொண்டது. வாசலில் கால் வைத்த நேரத்தில் தெரு மொத்தமும் கரண்ட் போனது. ஹாலில் அவன் இல்லை. கட்டிலிலும் இல்லை. ஷீட்டின்மேல் மழை கொட்டும் சத்தம் மாடியிலிருந்து வந்தது. அதற்கு அடியில், மெல்லிசாக, பேச்சு.

கரண்ட் இல்லை. பேட்டரி இல்லை. கார்டு துளசிங்கத்தின் பையில்.

படி ஏறினாள். சுவர் ஈரமாக இருந்தது. போன் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டாள். கதவிடுக்கில் நீலமாக ஒரு கோடு.

தள்ளினாள்.

அவன் நாற்காலியில் இருந்தான். வாய் திறந்து. ஒரு கொசு அவன் திறந்த கண்ணின்மேல் உட்கார்ந்து நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தது. இமை அசையவில்லை.

திரையில் ஓர் அறை. வெளிச்சமான, சுத்தமான அறை. அங்கேயும் அவன். கல்யாணத்தன்று போட்ட வெள்ளைச் சட்டையில், இலைக்கு முன்னால், சம்மணமிட்டு. பக்கத்தில் ஒருத்தி, முதுகு காட்டி. ஈரமுடி முதுகில் வழிந்து தரையில் பரவிக் கிடந்தது. அவள் பிசைந்து உருட்டிக் கொடுத்தாள். அவன் வாங்கிச் சாப்பிட்டான். சிரித்தான். சாப்பிட்டான்.

"என்னங்க," என்றாள் செல்வி.

திரைக்குள் அவன் நிமிர்ந்தான். நேராக அவளைப் பார்த்தான். நெற்றியைச் சுருக்கினான்.

"யாரோ நிக்கிற மாதிரி இருக்குது," என்றான் பக்கத்தில் இருந்தவளிடம்.

யாரோ.

அந்த ஒரு சொல்லில் செல்விக்குப் பயம் விட்டுப்போனது. கண் எரிந்தது, காது அடைத்தது. முதுகு காட்டியிருந்தவள் மெல்லத் திரும்பத் தொடங்கினாள். செல்வி காத்திருக்கவில்லை. அந்த முகத்தை அவன் இன்னொரு தடவை பார்க்கக் கூடாது. போனைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் மூடியைப் பிடித்தாள். பலம் மொத்தத்தையும் போட்டு அறைந்து சாத்தினாள்.

இருட்டு. மழை. வேறு சத்தம் இல்லை.

நின்றுவிட்டது. அவள் மூச்சு வாங்கினாள். அவளுக்கு உள்ளே சந்தோஷமாகக்கூட இருந்தது.

நாற்காலி கிறீச்சிட்டது.

"வந்துட்டீங்களா?" போனை எடுத்து வெளிச்சத்தைத் தூக்கினாள். "என்னங்க? நான்தாங்க."

நேசகுமார் இமைத்தான். ஒரு தடவை, பிறகு வேகமாக, பல தடவை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கல்யாண மோதிரத்தைத் தடவினான். எழுந்தான். இடது தோளிலிருந்து, அங்கே இல்லாத ஒரு முந்தானையை இழுத்து, சுற்றி, இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டான்.

செல்வியை மேலிருந்து கீழாகப் பார்த்தான். தன் வீட்டுக்குள் வேறொருத்தியைக் கண்ட பார்வை.

"யாருடி நீ?" என்றது அவன் குரல்.

மேஜையில் மூடிய லேப்டாப்புக்குள் யாரோ தட்டினார்கள். மூடி ஒரு விரல் அளவு எழும்பியது. இடுக்கு வழியே நீல வெளிச்சம் கசிந்தது. "செல்வி," என்று உள்ளிருந்து, தூரத்தில், அவன் கூப்பிட்டான்.

மோதிரம் போட்ட அந்தக் கை போய் மூடியின்மேல் அமர்ந்து, நிதானமாக அதைக் கீழே அழுத்தியது. அடியில் தட்டல் வேகமாகிக்கொண்டே இருந்தது. கை விலகவில்லை.