ஒரே துணியில் ஒரு தீபாவளி

மழை கொட்டிக்கொண்டிருந்தது. தோளில் ஒரு துணிக்கட்டு, தலையில் கழற்றாத ஹெல்மெட், அதன் கண்ணாடி முழுக்க நீராவி... இப்படி ஒருவன் பள்ளிக்கூட மண்டபத்துக்குள் ஓடி வந்தால் என்ன ஆகும்? தீபாவளிக் கோலப் போட்டிக்காகப் பிள்ளைகள் வண்ண அரிசியில் போட்டு வைத்திருந்த மயிலின் கழுத்தில் அவனுடைய பூட்ஸ் கால் பதிந்தது.

"ஐயோ! நில்லுங்க! அசையாதீங்க!"

லோகேஸ்வரன் ஹெல்மெட்டைக் கழற்றினான். எதிரே ஷாமளா டீச்சர். விரலெல்லாம் நீலமும் மஞ்சளும். கோபத்தில் இன்னும் பெரிதாகிப்போன கண்கள்... தோட்டத்து ரப்பர் மரங்களில் அடிக்கிற மழையெல்லாம் ஒரு கணம் ஓய்ந்துபோன மாதிரி இருந்தது அவனுக்கு.

"பாத்து வரலாம்லா? மயிலுக்குக் கழுத்தே போச்சு!"

"சாரி டீச்சர்... நானே சரி பண்ணிக் குடுத்துடறேன்."

"உங்களுக்குக் கோலம் போடத் தெரியுமா?"

"தெரியாது. அரிசி பொறுக்கத் தெரியும்."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். ஷாமளா உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டது. கூலிம் டவுன் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து, தூங்காமல் நேராக வந்தவன், மண்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு அரிசியாகப் பொறுக்கினான். கடைசியில் மயில் கொஞ்சம் கோழி மாதிரி ஆகிவிட்டது. அது வேறு விஷயம்.

வந்த வேலையை அப்புறம்தான் சொன்னான். அவன் அம்மா பிரேமாவதி பக்கத்து ஊர் கரங்கானில் தையல்காரி. வசதியில்லாத பிள்ளைகளுக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் இலவசமாகப் புதுத்துணி தைத்துக் கொடுப்பவர். இந்த வருடம் முட்டிவலி. அதனால் அளவெடுக்க மகன் வந்திருக்கிறான்.

துணிக்கட்டை விரித்தான். குங்கும நிறத்தில் குட்டிக் குட்டி மாங்காய்கள். தலைமையாசிரியர் சொல்லியிருந்த பிள்ளைகளின் பெயரை எல்லார் முன்னாலும் உரக்கக் கூப்பிட ஆரம்பித்தான். ரூபினி என்ற சிறுமி எழுந்தாள். தலை குனிந்தபடி, யாரையும் பார்க்காமல் நடந்து வந்தாள்.

 அந்த நடை ஷாமளாவுடையது. இதே மண்டபத்தில், இதே மாதிரி ஒரு மழை நாளில் சின்ன வயதில் அவளும் அப்படித்தான் நடந்தாள். கிடைத்தது பச்சை கவுன். பஃப் கை வைத்தது. எவ்வளவு ஆசையாகப் போட்டுக்கொண்டாள்! தீபாவளியன்று கோயிலுக்குப் போனால், அங்கே அதே பச்சையில் இன்னும் சில பிள்ளைகள். "உனக்கும் ஸ்கூல்ல கொடுத்தாங்களா?" என்று டவுன் பெண் ஒருத்தி கேட்டாள். அதற்கப்புறம் அந்த கவுனை அவள் தொடவே இல்லை.

"நிறுத்துங்க," என்றாள். அவனைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுப்போய்ப் படபடவென்று கொட்டினாள். "இது வேண்டாங்க. இந்தப் புள்ளைங்க மட்டும் ஒரே துணில நின்னா, இவங்கதான் ஏழைன்னு ஊருக்கே சொல்ற மாதிரி. நானும் போட்டிருக்கேன். ஏழைங்களுக்கு யூனிபார்ம் தச்ச மாதிரி இருந்துச்சு."

அவன் முகம் வாடியது.

"பச்சை கவுனா, டீச்சர்? பஃப் கை வச்சதா?"

"உங்களுக்கு எப்படி..."

"எங்கம்மா தச்சது. பட்டன் வச்சது நான்."

துணியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு மழையிலேயே போய்விட்டான். மோட்டார் சைக்கிள் செம்பனை மரங்களுக்கு நடுவே மறைகிற வரை பார்த்துக்கொண்டே நின்றாள் ஷாமளா. 'வாய் இருக்கே வாய்...' என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஆனால் ரூபினிக்குத் தீபாவளித் துணி இல்லாமல் போய்விட்டதே? தன் ரோஷத்துக்கு அந்தக் குழந்தை என்ன செய்யும்? அவளால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. சனிக்கிழமை கரங்கானுக்குப் போய் பிரேமாவதி வீட்டு வாசலில் நின்றாள்.

கதவைத் திறந்தவன் லோகேஸ்வரன். பார்த்தான்.  "ம்மா, டீச்சர் வந்திருக்காங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

பிரேமாவதி அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"தம்பி சொன்னான்மா. எங்க வீட்டுல நாங்க ஏழு பேரு. தீபாவளின்னா எங்கப்பா கூலிம்ல ஒரே கட்டுத் துணி வாங்கிட்டு வருவாரு. அண்ணனுங்களுக்குச் சட்டை, எங்களுக்குப் பாவாடை, மிச்சத்துல தலகாணி உறை! நாங்க கோயிலுக்குப் போனா, யாரு வீட்டுப் புள்ளைங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க. துணியப் பாத்தே தெரிஞ்சிடும். அவ்ளோ பெருமையா இருக்கும். அந்த நெனப்புலதான் தச்சேன், எல்லாம் ஒரு வீட்டுப் புள்ளைங்கன்னு... உன் மனசு நோகும்னு தெரியலயேம்மா."

ஷாமளாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் வீட்டிலும் அப்படித்தானே? அப்பா இருந்தவரை அண்ணன்களுக்கும் அவளுக்கும் ஒரே துணி. அப்பாவுக்குப் பிறகு புதுத்துணியே இல்லாமல் போயிற்று. அந்தச் சந்தோஷத்தை இந்த அம்மா திருப்பிக் கொடுக்கப் பார்த்திருக்கிறார். அவளோ அதை மடித்து மூலையில் போட்டுவிட்டாள்.

"ஆன்ட்டி... தப்பு துணியில இல்ல. சில பேருக்கு மட்டும் தச்சதுதான். முழு ஸ்கூலுக்கும் தச்சா? டீச்சருங்க, தலைமையாசிரியர், கேன்டீன் அக்கா... எல்லாருமே ஒரே வீடு!"

"அம்மாடி! என் ஒருத்தி கையால முடியுமா?"

"நாங்க எல்லாரும் வரோம்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "இதே துணி இன்னும் வேணும்னா பினாங்குக்குத்தான் போகணும். நாளைக்கு எனக்கு லீவு."

அவன் இன்னும் முகத்தைக் காட்டவில்லை. ஆனால் அந்தக் குரலில் கோபம் இல்லை.

அப்புறம் ஒரே அமர்க்களம். பெற்றோர் சங்கத்து அம்மாக்கள் தையல் மெஷினோடு வந்து வகுப்பறையில் உட்கார்ந்தார்கள். ஒருவர் வெட்ட, ஒருவர் தைக்க, முறுக்கும் கதையுமாக அந்தக் காலத்துத் தோட்ட வாழ்க்கையே திரும்பி வந்துவிட்ட மாதிரி இருந்தது. லோகேஸ்வரன் ஷிப்ட் முடிந்து வந்து பட்டன் வைத்தான். ஷாமளா ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். விரல்கள் சில சமயம் தவறுதலாகத் தொட்டுக்கொண்டன... தவறுதலாகத்தான் என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டார்கள்.

லீவு விடும் முன் பள்ளியில் தீபாவளிக் கொண்டாட்டம். மண்டபம் முழுக்கக் குங்கும நிற மாங்காய்கள்! டவுன் கடைக்காரர் மகனும் அதே சட்டை. தலைமையாசிரியரும் அதே சட்டை, வயிற்றுப் பக்கம் கொஞ்சம் இறுக்கமாக. ரூபினி நடு மண்டபத்தில் சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தாள். யாருக்கு யார் கொடுத்தது என்று சொல்ல ஒருவராலும் முடியாது. அதே துணியில் சுடிதார் போட்டிருந்த ஷாமளாவுக்கு, பல வருடத்துப் பாரம் ஒன்று நெஞ்சிலிருந்து இறங்கியது.

அப்போதுதான் கவனித்தாள். வாசலோரம் லோகேஸ்வரன். நீலச் சட்டையில்!

நேராக அவனிடம் போனாள்.

"என்னங்க இது? எல்லாரும் ஒரே வீடு, நீங்க மட்டும் வேற வீடா? இன்னும் கோபமா?"

"சேச்சே... கோபம்லாம் இல்லலா."

"துணி பத்தலையா?"

"அம்மா தச்சு வச்சிட்டாங்க."

"அப்ப ஏன் போடல?"

அவன் காது சிவந்தது. தரையைப் பார்த்தான். மழையைப் பார்த்தான். பிறகு அவள் கண்களைப் பார்த்தான்.

"ஒரே துணி போட்டா ஒரு வீட்டுப் புள்ளைங்க... அண்ணன் தங்கச்சின்னு ஆயிடும்லா டீச்சர். உங்களுக்கு அண்ணனா இருக்க என்னால முடியாது. எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு."

ஷாமளா துப்பட்டா நுனியைத் திருகினாள்.

"எனக்கும் புதுசா ஒரு அண்ணன் வேணாம். வீட்டுல இருக்கற ரெண்டு பேரே போதும்."

அவன் முகம் மலர்ந்தது.

"ஆனா," என்றாள் மெல்ல, "உங்கம்மா ஆசையா தச்ச சட்டை... போடலன்னா அவங்க மனசு நோகாதா?"

"அம்மாதான் அதப் பூட்டி வச்சுட்டு, இந்த நீலச் சட்டைய எடுத்துக் குடுத்தாங்க."