கழியாத கை

அன்று மதியம் மலைமேல் வண்டி நின்றபோது எனக்குக் காது அடைத்திருந்தது. மற்றபடி விசேஷமாக ஒன்றுமில்லை. என் கணவர் தொலைநோக்கிக் கூடத்தைத் திறந்துவிட்டு, "வா, உன் தம்பி வச்சது வச்ச இடத்துல அப்படியே இருக்கு" என்றார். தம்பி செத்து ஒரு வருஷம். அதற்குப் பிறகு நான் இந்த மலை ஏறியதே இல்லை.

எங்கள் மூவருக்கும் ஒரே பிழைப்பு, பக்கத்து விண்மீன் மண்டலங்களை அகச்சிவப்பு ஒளியில் படம் பிடிப்பது. சாதாரண ஒளியில் அந்த மண்டலங்களின் தூசி வெறும் கருப்புத் திட்டு. அகச்சிவப்பில் பார்த்தால் அதே தூசி தகதகக்கும். உள்ளே புதிதாகப் பிறக்கிற நட்சத்திரங்கள் அதைச் சூடாக்குகின்றன. "இருட்டா இருக்கேன்னு ஏமாந்துடாதேக்கா, உள்ளே பிரசவ வார்டே நடக்குது" என்பான் தம்பி.

அவனுக்குக் கேமரா, கணவருக்கு ஆராய்ச்சி, எனக்குக் கழித்தல். அகச்சிவப்பில் வானமே மின்னும். அதனால் மண்டலத்தை ஒரு படம், பக்கத்து வெற்று வானத்தை ஒரு படம் எடுத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பேன். வானம் போய்விடும், தூசி நிற்கும். தன்னை விட்டுவிட்டு யாராவது காபி குடித்தால்கூடத் தம்பி, "என்னைக் கழிச்சுக் கட்டிட்டீங்களா?" என்று சண்டைக்கு வருவான்.

கேமராவைத் திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிர வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் சூடே அதன் கண்ணை மறைத்துவிடும். அந்த நைட்ரஜன் அறையில்தான் தம்பி செத்தான். வாயு நிரம்பினால் மூச்சுக்குக் காற்று இருக்காது. அதற்கு நெடியும் கிடையாது. "வாயுவை வெளியே தள்ளுற ஃபேன் நின்னுபோச்சு. கதவு திறந்துதான் கிடந்துச்சு. நான் வர்றதுக்குள்ள மயங்கி விழுந்துட்டான்" என்றார் கணவர். சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். என் கண்ணைத் துடைத்துவிட்டதும் அவர் கைதான். மோதிர விரல் பாதிதான் இருக்கும் கை, சின்ன வயதில் ஏதோ மெஷினில் போனது.

"நான் மேலே தொலைநோக்கிக் கண்ணாடியைப் பார்க்குறேன். நீ சூடு தேடு" என்று வெப்பக் கேமராவை என்னிடம் கொடுத்தார். படம் எடுக்கும் முன் கூடத்தில் எங்காவது மோட்டார், விளக்கு சூடாகக் கிடக்கிறதா என்று பார்க்கிற வேலை. கேமராவின் சின்னத் திரையில் சூடானது வெளுத்துத் தெரியும், குளிர்ந்தது கருக்கும்.

ஷட்டர் மூடிய கூடத்தில் பகலிலும் இருட்டு. எண்ணெய் வாடை, பழைய இரும்பு வாடை. சுவரில் கை வைத்து எடுத்தேன். திரையில் என் உள்ளங்கை வெள்ளையாக ஒட்டியிருந்தது, பிறகு மெல்ல ஆறி மறைந்தது. தம்பியும் நானும் இப்படி விளையாடுவோம். சிரிப்பு வந்தது, அடுத்த நொடியே அழுகையும் வந்தது.

டொக்.

நைட்ரஜன் அறைப் பக்கம்.

டொக். டொக்.

தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தேன். உள்ளே காலி உருளைகள். யாரும் இல்லை. கேமராவைக் கதவின் உள்பக்கம் திருப்பினேன்.

கைகள்.

கருப்புக் கருப்பாக, கதவு முழுக்க உள்ளங்கைகள். மேலே நாலைந்து. கீழே போகப் போக நெருக்கமாக. தரையை ஒட்டி, வெறும் விரல் நுனிகள். ஒன்றுகூட மறையவில்லை.

வெளிப்பக்கம் வந்தேன். தாழ்ப்பாளின்மேல் ஒரே ஒரு கை, பளீர் வெள்ளையில், இப்போதுதான் வைத்து எடுத்த மாதிரி. மோதிர விரல் பாதிதான் இருந்தது.

ஒரு வருஷமாக அந்தச் சூடு ஆறவில்லை.

"அங்கே என்ன பண்றே?" பின்னால் கணவர்.

"கதவு திறந்துதான் கிடந்துச்சுன்னு சொன்னீங்களே?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"அப்புறம் எதுக்கு அவன் தட்டினான்?"

அவர் முகம் செத்துப்போயிற்று. "தட்டினான்னு... உனக்கு யாரு சொன்னா?"

அவராகவே உளறினார். "தூசிக்குள்ள தெரிஞ்ச புது வெளிச்சத்தைக் கண்டுபிடிச்சது நான்தான், நீங்க இல்லைன்னு ஊருக்கே சொல்லப் போறேன் மாமான்னு நின்னான். என்னையே கழிச்சுக் கட்டப் பார்த்தான்டி. கொஞ்ச நேரம் உள்ளே கிடந்தா புத்தி வரும்னுதான்... ஃபேன் நிக்கும்னு எனக்குத் தெரியாது, சத்தியமா."

"அவன் தட்டினது கேட்டுச்சா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கேட்டிருக்கிறது! கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறார். அந்தக் கையாலேயே எனக்குச் சோறு ஊட்டினார், தலையைத் தடவித் தூங்க வைத்தார், என் தம்பிக்குக் கொள்ளியும் வைத்தார். ஒரு வருஷம் அந்தத் தோளில் சாய்ந்துதான் அழுதேன். பாவி! இனி என்ன அவர், இவர். அவன்.

கேமராவை அவன்மேல் திருப்பினேன். வெள்ளையாக ஒரு மனித உருவம். அதன் தோள்மேல், பின்னாலிருந்து, கருப்பாக ஒரு கை.

"குளிருதே" என்றான். "கதவைச் சாத்தேன்."

நான் கேமராவைப் போட்டுவிட்டு ஓடினேன். வண்டியை நேராகக் காவல் நிலையத்தில்தான் நிறுத்தினேன். போலீஸ் போனபோது அவன் அதே இடத்தில் சுருண்டு கிடந்தானாம். ஒரு போர்வை கொடுத்தால் எல்லாவற்றையும் சொல்கிறேன் என்றானாம். சொல்லவும் செய்தான். சிறையில் எத்தனை போர்வை போர்த்தினாலும் குளிர் விடவில்லை என்று கேள்வி.

தம்பி கடைசியாகப் படம் பிடித்த மண்டலத்தை நான் விடவில்லை. தூசிக்குள் அவன் கண்ட அந்த வெளிச்சம் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் வானத்தைக் கழித்தால் எல்லாம் போன பிறகும் பக்கத்தில் கருப்பாக ஒரு கை மிஞ்சுகிறது. வேறு வெற்று வானத்தை எடுத்துக் கழித்தேன். அப்போதும் நின்றது. அப்புறம் நான் அதை நீக்கப் பார்க்கவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும், என் தம்பிதானே.

இன்று விடியுமுன் எடுத்த படத்தில் இரண்டு கைகள். புதிதாக வந்ததில் மோதிர விரல் பாதிதான் இருக்கிறது. அதன் மணிக்கட்டைத் தம்பியின் விரல்கள் இறுகப் பிடித்திருக்கின்றன.

சிறையிலிருந்து இன்னும் யாரும் எனக்குப் போன் செய்யவில்லை.