சதுர வாய்க் கோப்பை

வாண்டுவின் சித்தப்பாவுக்குக் கோப்பைத் தொழிற்சாலையில் வேலை. பத்து வருடமாக மற்றவர்கள் வரைந்த கோப்பைகளுக்கு வண்ணம் பூசியவர், இப்போதுதான் முதன்முறையாகத் தானே ஒன்றை வரைந்திருந்தார். மாதிரிக்குச் செய்த நான்கையும் அண்ணன் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார். தனக்கென்று ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லை.

கோப்பை கொள்ளை அழகு. நல்ல நீலம். வாய் மட்டும் சதுரம்.

வினையே அந்த வாய்தான். பக்கவாட்டில் உதட்டை வைத்தால் தேநீர் பாதி வாய்க்குள் போகும், மீதி கழுத்துக்குப் போகும். மூலையில் வைத்தால் எதிர் மூலை மூக்கைக் குத்தும்.

இதைச் சித்தப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. அப்பா கரண்டியால் அள்ளிக் குடித்தார். அம்மா பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் குனிந்து நின்று குடித்தாள். அக்கா ஸ்ட்ரா போட்டாள்; அது சூட்டில் சுருண்டுகொண்டது. நான்காம் வகுப்பு படிக்கும் வாண்டு கழுத்தில் துண்டு கட்டிக்கொண்டாள். சித்தப்பா வந்து கேட்டால் மட்டும் நால்வரும் ஒரே குரலில் பிரமாதம் என்றார்கள்.

ஒரு மாதம் போனது. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வாயெல்லாம் பல்லாக வந்தார். மறுநாள் காலை அச்சு வார்க்கப் போகிறார்களாம். வார்த்துவிட்டால் மாற்றவே முடியாதாம். முதலில் ஆயிரம் கோப்பைகளாம்.

வாண்டுவுக்கு ஆயிரம் பேர் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சித்தப்பாவைத் திட்டுவது போல் இருந்தது. அம்மாவின் காதைக் கடித்தாள்.

“பாவம்டி, ஆசையா செஞ்சிருக்கார். நீ வாயை மூடிட்டு சும்மா இரு,” என்றாள் அம்மா.

வாண்டுவின் வாய் சும்மா இருந்தது. கை இருக்கவில்லை. இரண்டு கோப்பைகளில் ஆறிய தேநீரை ஊற்றி எடுத்து வந்தாள். துண்டு கட்டிக்கொள்ளவில்லை.

“சித்தப்பா, நீங்க இதுல குடிச்சதே இல்லையே. சேர்ந்து குடிக்கலாமா?”

இருவரும் ஒன்றாகச் சாய்த்தார்கள். சித்தப்பாவின் வெள்ளைச் சட்டையில் இரண்டு கோடுகள் இறங்கின. வாண்டுவின் சட்டையிலும் இரண்டு.

“எனக்குத்தான் பிடிக்கத் தெரியலை போல,” என்று சித்தப்பா மறுபடி சாய்த்தார். மேலும் இரண்டு கோடுகள்.

“எனக்கும் அப்படித்தான் ஆச்சு சித்தப்பா. நாம ஒழுங்காத்தான் பிடிச்சோம். டீக்குத்தான் மூலையில திரும்பத் தெரியலை.”

சித்தப்பாவின் முகம் சுருங்கியது. அப்பாவிடம் திரும்பினார்.

“அப்போ நீ எப்படிண்ணே ஒரு மாசமா குடிச்சே?”

அப்பா சட்டைப்பையிலிருந்து மெதுவாகக் கரண்டியை எடுத்துக் காட்டினார். அக்கா சுருண்ட ஸ்ட்ராவைக் காட்டினாள். அம்மா தொட்டியைக் காட்டினாள்.

சித்தப்பா கரண்டியையே பார்த்தார். உதடு துடித்தது. அழப்போகிறார் என்று வாண்டு பயந்தாள். அவரோ சிரிப்பு தாங்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்து முடித்ததும் அச்சு வார்ப்பவரை போனில் பிடித்து, கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்துப் புதுக் கோப்பை வந்தது. அடிப்பாகம் சதுரம், வாய் வட்டம். அப்பா வாயைத் திறந்தார்.

“நீ பேசாதேண்ணே,” என்றார் சித்தப்பா.

கோப்பையை நிரப்பி வாண்டுவிடம் கொடுத்தார். அவள் மடமடவென்று குடித்தாள். சித்தப்பா குனிந்து அவள் கழுத்தின் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை.

பிறகுதான் அச்சு வார்க்கச் சொல்லி போன் போட்டார்.