வெற்றிருக்கை

அந்த நாட்களில் சென்னையில் இறந்தவர்கள் யாரும் வாயை மூடுவதில்லை. வீட்டுக்கு வீடு ஒளியால் ஆன நினைவுருக்கள். போய்ச்சேர்ந்த மாமனார் சுவரோரம் நின்றபடி இன்னமும் சாம்பாரில் உப்பு போதவில்லை என்பார். மக்கள் அலுத்துப்போயிருந்தார்கள்.

அமுதினி வீட்டுப் பொருட்களை வடிவமைப்பவள். எழும்பூர் அருங்காட்சியகத்தில், அமராவதி பௌத்தச் சிற்பம் ஒன்றின் முன்னால் ஒரு மதியம் முழுக்க நின்றாள். கல்லில் ஒரு கூட்டம் கைகூப்புகிறது. நடுவில் வெறும் இருக்கை, கீழே இரண்டு பாதச்சுவடுகள். புத்தரைக் காணோம். ஆனாலும் அவர் எங்கே என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆளைச் செதுக்காமலே ஆளை உட்காரவைத்த அந்தச் சிற்பிமேல் அவளுக்குப் பொறாமையே வந்தது.

அப்படிப் பிறந்ததுதான் வெற்றிருக்கை. அது பேசாது, உருவம் காட்டாது. இல்லாதவரின் எடைக்கு ஏற்ப மெத்தை குழிந்திருக்கும். அவர் வழக்கமாக உட்காரும் வேளையில் உடல்சூடு ஏறும். கீழே அவருடைய பாதத்தடம். அவ்வளவுதான். துக்கம் தாங்காதவர்கள் அதன் பக்கத்தில் அமர்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. அமுதினி ஊர் ஊராகப் பறந்தாள். மதுரையில் இருந்த மகள் மிளிராவுக்குப் போனில் முத்தம் கொடுத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சொல்லாமல் கொள்ளாமல் மதுரை வீட்டுக்குள் நுழைந்தாள். இனி எங்கும் போவதில்லை என்ற முடிவோடுதான் வந்திருந்தாள். குழந்தை ஓடிவந்து கட்டிக்கொள்ளும் என்று வழியெல்லாம் ஆசைப்பட்டிருந்தாள்.

"அப்பா, போன் அம்மா வந்திருக்காங்க!" என்றாள் மிளிரா.

கணவன் ரெங்கன் சாதம் பிசைந்துகொண்டிருந்தான். சாப்பாட்டு மேசையருகே ஒரு வெற்றிருக்கை. அமுதினி அதைச் சுட்டிக்காட்டினாள்.

"யாருக்கு இது? உங்க அம்மா நல்லாத்தான இருக்காங்க?"

"எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க." ரெங்கன் தயங்கினான். "பாப்பா தெனமும் உன்னக் கேட்டு அழுதா. சோறே எறங்கல. இது வந்ததுலேருந்து அழுகுறதில்ல."

அவள் குனிந்து பாதத்தடத்தைப் பார்த்தாள். அவளுடைய கால்தான், வளைந்த சுண்டுவிரல் உட்பட.

"அதான் நானே வந்துட்டேன்ல," என்று உட்காரப் போனாள்.

"அங்க உக்காராதீங்க," என்றாள் மிளிரா, விருந்தாளியிடம் சொல்வதுபோல மரியாதையாக. "அது அம்மா எடம்."

அமுதினி தரையில் உட்கார்ந்தாள். சாப்பாட்டு வேளை ஆகியிருந்தது. இருக்கை மெல்லச் சூடேறத் தொடங்கியது. மிளிரா அதன்மேல் சாய்ந்துகொண்டு, அப்பா ஊட்டிய சோற்றுக்கு வாயைத் திறந்தாள்.