காலிப் படகு

காலை பத்தரை மணிக்கு, மத்தி மீன் பொட்டலத்தோடு மார்க்கெட்டிலிருந்து திரும்பிய காவலாளி தூல்லியோ, படகுத்துறை மூலையைப் பார்த்ததும் பொட்டலத்தைக் கீழே போட்டார். கிணற்று உறையைக் காணோம்.

வல்பூசா மாளிகை முற்றத்தில் தலைமுறை தலைமுறையாகக் கிடந்த உறை அது. ஒரே பளிங்குக் கல்லில் குடைந்து, சுற்றிலும் மயில் செதுக்கியது; ஒரு டன் எடை. பழுது பார்க்கக் கொண்டுபோவதற்காகப் பெயர்த்தெடுத்து, மரச்சட்டம் அடித்து, வாய்க்கால் பக்கம் திறக்கும் நீர்வாசல் ஓரமாக நிறுத்தி வைத்திருந்தார்கள். இப்போது அங்கே ஈரத் தரைதான் பல்லிளித்தது.

இன்ஸ்பெக்டர் ஒர்சோலா பென்சோ மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். வெனிஸில் பாலம் ஏறிப் பாலம் இறங்கியே அவளுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. போதாக்குறைக்கு, அவள் குடியிருக்கும் வீட்டைச் சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடப்போவதாக வீட்டுக்காரன் முந்தின நாள்தான் சொல்லியிருந்தான். இரவெல்லாம் தூக்கமில்லை. திருடனைப் பிடிக்கும் உற்சாகம் அவளிடம் கடுகளவும் இல்லை.

மாளிகைக்காரர் வக்கீல் ரெமிஜியோ வல்பூசா அவளுக்கு வேலையே வைக்கவில்லை. தீர்ப்பையே எழுதி வைத்திருந்தார்.

"தூல்லியோதான் ராத்திரி வித்திருக்கான். ராத்திரியில நீர்வாசல் சாவி அவன்கிட்ட மட்டும்தான். பகல்ல, இத்தனை பேர் பார்க்கிற வாய்க்கால்ல, எவன் கல்லைத் தூக்குவான்? சாயங்காலத்துக்குள்ள கீழ் ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டேன்."

அந்தக் கீழ் அறையில்தான் தூல்லியோவும், இடுப்பு ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கும் மனைவி நீவெஸும் இருந்தார்கள். படியேற முடியாத மனுஷிக்கு ஊரில் வேறெங்கே தரைத்தள அறை கிடைக்கும்? எட்டு மணிக்கு, ஓட்டல் சரக்கு இறக்குவதற்காக வாசலைத் திறந்துவைத்தபோது கல் இருந்ததாகத் தூல்லியோ சொன்னார். அதைப் பார்த்த வேறு சாட்சி யாருமில்லை.

எதிர்ச்சாட்சி இருந்தது. பக்கத்து ஓட்டலுக்குத் தினமும் தண்ணீர் பாட்டில் பெட்டிகள் கொண்டுவரும் சரக்குப் படகுக்காரன் எரோஸ் இதே துறையில்தான் இறக்குவான். ஒர்சோலா போனில் கேட்டதும் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"நான் ஒன்பது மணிக்கு வந்தப்பவே அந்த மூலை காலியாத்தான் மேடம் இருந்துச்சு. தூல்லியோ அண்ணன் நல்ல மனுஷன்தான். அதுக்காகக் கண்ணால பார்த்ததை இல்லேன்னு சொல்ல முடியுமா?"

பத்து மணி கோயில் மணி அடிக்கும்போது காலிப் படகோடு கிளம்பியதாகவும் சொன்னான். அடுக்கிய காலிப் பெட்டிகளோடு அவன் போனதை ஓட்டல் பையன்களும் பார்த்திருந்தார்கள். வாய்க்காலின் ஒரு முனையைச் சேறு வாருவதற்காக அடைத்திருந்தார்கள். போக ஒரே வழி, மறுமுனையில் இருந்த தாழ்ந்த பாலத்தின் அடியில்.

எரோஸ் சொன்னதைக் கேட்டதும் தூல்லியோ கீழே கிடந்த மீன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு தன் அடுக்களைக்குள் போனார். தினமும் காலையில் அங்கே உட்கார்ந்து காபி குடிக்கிறவன்தான் எரோஸ்.

பாலத்தின் மேல் நின்று ஒர்சோலா முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் வந்து பிடித்துக்கொண்டார். பெயர் இர்ம்கார்ட் கோஃப்லர். ஆஸ்திரியாவிலிருந்து முதல் தடவையாக வந்தவர். போலீஸ் உடையைக் கண்டதும் மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினார். இந்த ஊரின் அழகைப் பார்த்து முதல் நாள் கண் கலங்கியதாம். இரண்டாம் நாள் கால் வீங்கியதாம். நின்றுகொண்டு குடித்தால் காபிக்கு ஒரு விலை, உட்கார்ந்தால் இன்னொரு விலையாம். ராத்திரி நடந்து பார்த்தால் வீடு வீடாக இருட்டாம். இத்தனை ஜன்னலில் ஒன்றிலும் விளக்கில்லையே, நீங்களெல்லாம் எங்கேதான் குடியிருக்கிறீர்கள் என்றும் கேட்டார்.

ஒர்சோலா மறுபடி முழங்காலைத் தேய்த்தாள். அந்தக் கேள்வி அவளுக்கே வயிற்றெரிச்சல்.

கடைசியில் புகார் வந்தது. காலையில் ஏறிய கோந்தோலாப் படகின் படகோட்டி இந்தப் பாலம் வரை வந்து, கடல் ஏற்றத்தில் தண்ணீர் ஏறிவிட்டது, படகு மூக்கு இடிக்கும் என்று திரும்பிவிட்டானாம்.

"சுத்தப் பொய்! அந்த நேரத்துல உள்ள இருந்து ஒரு பெரிய சரக்குப் படகு இதே பாலத்தடியில வெளிய வந்துச்சு. அதோட இரும்புக் கை மேல உரசிக் கிறீச்னு சத்தம். அது வரலாம், நாங்க போகக் கூடாதா? படமே பிடிச்சிருக்கேன், பாருங்க."

அதுவரை அரைக் காதால் கேட்டுக்கொண்டிருந்த ஒர்சோலா நிமிர்ந்தாள். போனை வாங்கிப் பார்த்தாள். மணிச் சத்தம் கேட்டது. எரோஸின் படகு. மேலே காலிப் பெட்டிகள். படகில் மடக்கி வைத்த சிவப்புப் பளுதூக்கிக் கை, பாலத்து வளைவில் உரசுகிறது. பாலத்துச் சுவரில் ஓர் இரும்பு வளையம். தண்ணீர் சரியாக அதன் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அவள் இரண்டாம் தடவையும் பார்த்தாள். பிறகு எட்டி வளைவின் அடியைப் பார்த்தாள். புதுச் சிவப்புக் கீறல் ஒன்று தெரிந்தது. இப்போது வளையம் தண்ணீருக்குள் முழுகிக் கிடந்தது.

கடல் ஏற்றம் இறங்கும் நேரத்தைக் கணக்குப் பார்த்து எரோஸுக்குப் போன் போட்டாள். சின்ன சந்தேகம், படகை எடுத்துக்கொண்டு பகல் ஒன்றேகாலுக்குத் துறைக்கு வா என்றாள். வல்பூசாவும் தூல்லியோவும் பாலத்துக்கு வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். கோஃப்லர் அம்மாளையும் இருக்கச் சொன்னாள். பாலத்துப் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். தண்ணீர் இறங்கும்வரை அவளுக்கு வேறு வேலை இல்லை.

வளையம் மெல்ல வெளியே வந்தது. தண்ணீர் அதன் அடியைத் தொட்டு நின்றபோது எரோஸ் வந்தான். பாலத்துக்கு முன்னாலேயே எஞ்சினை அணைத்து, படகைச் சுவரோரம் கட்டினான்.

"ஏன் நின்னுட்ட? உள்ள வா," என்றாள் ஒர்சோலா.

"தண்ணி இன்னும் இறங்கட்டும் மேடம். காலிப் படகு. நாலு விரல் தூக்கலா நிக்கும், பளுதூக்கி இடிச்சுக்கும்."

"காலையில நீ வெளிய போனப்பவும் தண்ணி இந்த வளையத்துலதான் நின்னுச்சு. இந்த அம்மா படம் பிடிச்சிருக்காங்க. அப்ப மட்டும் எப்படிப்பா போன?"

எரோஸ் வளையத்தைப் பார்த்தான். வளைவுக் கீறலைப் பார்த்தான்.

"பெட்டி காலி. படகு காலியில்ல," என்றாள் ஒர்சோலா, வல்பூசாவின் பக்கம் திரும்பி. "பாட்டிலை இறக்கிட்டு, அதே பளுதூக்கியால கல்லை அடியில வச்சு, மேல காலிப் பெட்டியை அடுக்கியிருக்கான். கல்லோட எடையில படகு அமுங்குச்சு, அதனாலதான் பாலம் விட்டுச்சு. சரக்குப் படகுல சாமான் ஏத்துறதை இந்த ஊர்ல யார் நின்னு பார்க்கிறாங்க? கல்லு ராத்திரி போகல, பகல்லதான் போயிருக்கு. ராத்திரிச் சாவிக்கு இதுல வேலையே இல்ல."

எரோஸ் மறுக்கவில்லை. எதிரே இருக்கும் ஜூதெக்கா தீவில் ஒரு படகுக் கொட்டகையில் வலைக்கு அடியில் கல் இருப்பதாகச் சொன்னான்.

தூல்லியோ பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு எரோஸைப் பார்த்துக் குனிந்தார். "திருடினதைக் கூட விடுடா. என் மேல ஏன் போட்ட?"

"உங்களுக்கு அக்கரையில, மெஸ்த்ரேல பொண்ணு இருக்கா அண்ணே, எப்படியும் கூட்டிட்டுப் போயிருவா," என்றான் எரோஸ், தலை குனிந்து. "எனக்கு யாரு இருக்கா? வீட்டை விட்டு வெளிய தள்ளிட்டாங்க. நாலு மாசமாப் படகுலதான் படுக்கிறேன்."

ஒர்சோலாவுக்கு மனசு கனத்தது. ஆனாலும் அவன் கையில் விலங்கை மாட்டினாள்.

வல்பூசா விடவில்லை. வாசலைத் திறந்துபோட்டுவிட்டு மீன் வாங்கப் போனது குற்றம்தானே என்று ஆரம்பித்தார். விலைமதிப்பில்லாத கல்லைப் பகலில் பூட்டில்லாத துறையில் வைக்கச் சொன்னது யார் என்று தானும் விசாரிக்க வேண்டியிருக்கும், பத்திரிகைக்காரர்களும் கேட்பார்கள் என்றாள் ஒர்சோலா, அலுத்த குரலில். வக்கீல் தொண்டையைச் செருமினார். அறையைக் காலி செய்யும் பேச்சு அதோடு நின்றது.

வாக்குமூலம் முடிந்து கோஃப்லர் அம்மாளை ஓட்டலில் விட நடந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அதே பாலத்தில் ஒர்சோலா நின்றாள், முழங்காலுக்காக. வாய்க்காலின் இரண்டு பக்கமும் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக இருளில் கரைந்தன. வல்பூசா மாளிகையின் கீழ் அறையில் மட்டும் விளக்கு எரிந்தது. மத்தி மீன் பொரியும் வாசனை தண்ணீரின் மேல் வந்தது.

"நாங்கல்லாம் எங்க குடியிருக்கோம்னு காலையில கேட்டீங்களே," என்றாள் ஒர்சோலா. "அதோ, அங்க."