தெய்வசிகாமணி பெயரில் நிற்கும் வாகை

வெயில் ஏறுவதற்கு முன் மரங்களைத் தட்டி முடித்துவிட வேண்டும். பூங்கோதை மரச்சுத்தியலால் புங்க மரத்தின் அடியை ஒரு முறை தட்டி, ஓரடி நகர்ந்து, மறுபடி தட்டினாள். நல்ல கட்டை சுருக்கமாகப் பேசும். உள்ளே உளுத்த கட்டை காலிப் பானையைப் போல இழுத்துப் பேசும். அந்த வித்தியாசம் காதுக்குப் பிடிபட ஒரு வருடமாவது ஆகும். பிடிபட்டுவிட்டால் பிறகு மறக்காது. நாச்சிமுத்து பக்கத்தில் நின்று ஒலியையும் படத்தையும் மரத்துக்கு உரியவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். உரியவர் நார்வேயில் இருந்தார்.

"என்னங்றாருங்ணா?"

"தட்டற சத்தத்தக் கேட்டதும் அழுதுட்டாரு அம்மிணி. போன மாசம் மரத்துக்கு நாதஸ்வரம் வெக்கச் சொன்னாரு. இந்த மாசம் அழுகையோட முடிஞ்சுது, பரவால்ல."

"நாதஸ்வரத்துக்கு என்ன சொன்னீங்க?"

"மரத்துக்குக் காது எந்தப் பக்கம்னு தெரியலீங்க, கண்டுபுடிச்சுட்டு வெக்கறேன்னேன்."

ஈரோட்டில் மர மருத்துவம் செய்யும் எல்லா நிறுவனங்களுக்கும் பெரும்பாலான வாடிக்கையாளர்கள் இப்படித் தொலைவில் இருப்பவர்கள்தான். அவர்கள் மரத்தைத் தொட முடியாது. அதனால் தொடுபவரை நம்ப வேண்டியிருக்கிறது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் ரம்பம் வாங்குகிறார்கள். வாங்க வேண்டியது துடைப்பம். கிளையை எவ்வளவு நேர்த்தியாக இறக்கினாலும், தெருவில் மரத்தூள் கிடந்தால் அந்தத் தெரு அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிடும். பார்க்காத மரத்துக்கு விலை சொல்லக் கூடாது. முதலில் எட்ட நின்று முழு மரத்தையும் பார்க்க வேண்டும், பிறகுதான் கிட்டே போக வேண்டும். கிட்டே போனபின் மரம் தெரியாது, பட்டைதான் தெரியும். மொட்டை அடித்துக் கொடு என்று கேட்பவரிடம் முடியாது என்று சொல்லப் பழக வேண்டும். இலைதான் மரத்தின் அடுப்பு. கால் பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுத்தால் மரம் பட்டினி கிடக்கும். வெட்டிய இடத்தில் தார் பூசக் கூடாது. மரம் புண்ணை ஆற்றிக்கொள்வதில்லை. புண்ணைச் சுற்றி உள்ளே ஒரு சுவர் கட்டி, அதை அப்படியே ஒதுக்கிவிட்டு மேலே வளர்கிறது. நாம் பூசும் தார் அந்தச் சுவர் வேலையைக் கெடுக்கத்தான் உதவும்.

இவற்றையெல்லாம் பூங்கோதையும் அவள் கணவன் தெய்வசிகாமணியும் சேர்ந்து கற்றுக்கொண்டார்கள், பாதியைத் தப்புச் செய்து. அவன் ஏறுவான், அவள் கீழே நின்று மரத்தைப் படிப்பாள். அவனுடைய பள்ளிக்கூட நண்பன் நாச்சிமுத்து கயிறு பிடிப்பார். இப்போது ஏறுவதற்குக் கூலிக்கு ஆள் வருகிறது.

அன்றைக்குக் கடைசி மரம் பேருந்து நிறுத்தத்தை ஒட்டி நின்ற வாகை. பள்ளிப் பிள்ளைகள் வண்டிக்குக் காத்திருக்கும் இடம் அது. எட்ட நின்று பார்த்தபோது குறை ஒன்றும் இல்லை. கிட்டே போனதும் பூங்கோதை குனிந்தாள். மேற்குப் பக்கம், தண்டு மண்ணைத் தொடும் இடத்தில், தட்டுத் தட்டாகப் பழுப்புக் காளான் கிளம்பியிருந்தது. விளிம்பு மட்டும் வெள்ளை. வெள்ளை விளிம்பு என்றால் அது இன்னும் வளர்கிறது என்று பொருள்.

அவள் தட்டவில்லை. சுத்தியலை நாச்சிமுத்துவிடம் கொடுத்தாள். அவர் தட்டினார். இருவரும் கேட்டார்கள்.

"ஒலிவரைவியக் கட்டிப் பாத்தரலாம் அம்மிணி. காது பொய் சொல்லும்."

ஒலிவரைவி என்பது தண்டைச் சுற்றிக் கட்டும் உணரிப் பட்டை. ஒரு பக்கம் தட்டினால் ஒலி மறுபக்கம் போய்ச் சேரும் நேரத்தை அது அளக்கும். நல்ல கட்டையில் ஒலி நேராக ஓடும். உளுத்த இடத்தைச் சுற்றிப்போக வேண்டியிருந்தால் தாமதமாகும். அந்தத் தாமதங்களைச் சேர்த்துத் தண்டின் குறுக்குவெட்டைத் திரையில் வரைந்துவிடும். மையத்திலிருந்து பட்டைவரை உள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்காவது நல்ல கட்டையாக இருந்தால் குழல் போன்ற மரம்கூட நிற்கும். இந்த மரத்தில் கிழக்கே அது இருந்தது. மேற்கே இல்லை. ஆடிக்காற்று மேற்கிலிருந்துதான் வரும். காற்று முட்டும்போது மேற்கு வேர்தான் மரத்தை இழுத்துப் பிடிக்க வேண்டும்.

"கம்பி போட்டுக் கட்டீரலாங்களா?" என்றாள் பூங்கோதை.

"கெளை பிரியற கவட்டை பொளந்திருந்தாக் கம்பி கட்டலாம். அடியே போயிருச்சு. கம்பியோட சேந்து விழுகும்."

"ஆடி முடியற வரைக்கும் நிறுத்தத்த அக்கட்ட மாத்தச் சொன்னா?"

"ரோடு? ரோட்டுல போறவன்?" நாச்சிமுத்து பட்டையைக் கழற்றிச் சுருட்டினார். "இதே நார்வேக்காரர் மரமா இருந்தா என்ன சொல்லீருப்பே?"

நார்வேக்காரரிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்குத் தெரியும். இலைத்தொகுதி ஒரு பாய். காற்று அதைப் பிடித்துத் தள்ளுகிறது. உச்சியில் கொஞ்சம் இறக்கினாலே அடியில் விழும் பாரம் நிறையக் குறையும், நெம்புகோல் குட்டையாவதால். கால் பங்கு இலையை எடுத்தால் இந்த வாகை இன்னும் முப்பது வருடம் நிற்கும். நல்ல, எளிய வேலை. மரம் பிழைத்துவிடும்.

ஆனால் அது தெய்வசிகாமணியின் பெயரில் நிற்கும் மரம்.

வெப்பம் ஊரைக் காலி செய்யத் தொடங்கிய காலத்தில் நகரம் ஒரு விதியை எழுதியது. ஊரில் எவ்வளவு நிழல் இருக்கிறதோ அவ்வளவு பேர்தான் வாழலாம். ஒரு ஆளுக்கு எண்பது சதுர மீட்டர் நிழல். குளிரான நாட்டுக்கு வேலைக்குப் போகிறவர் தன் பங்குத் தண்ணீரை ஒரு மரத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போகலாம். அந்த மரம் அவர் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அது நிற்கிற வரை அவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம். மாதம் ஒரு நண்பகலில் வானத்திலிருந்து வெப்பக்கண் பார்த்து ஒவ்வொரு மரத்தின் நிழலையும் அளக்கும். எண்பதுக்குக் கீழே போனால் அந்த இடம் பவானி முகாமில் ஊருக்குள் இடம் கேட்டுக் காத்திருப்பவர்களில் அடுத்தவருக்குப் போய்விடும். வெளியே இருப்பவர் அந்த வரிசையின் வாலில் போய் நிற்கலாம். வரிசை ஒரு ஆயுளைவிட நீளம். மோசமான விதி என்றும் சொல்ல முடியாது. முகாமிலிருந்து ஊருக்குள் வந்து முதல் தடவையாக மர நிழலில் உட்கார்ந்த குடும்பங்களைப் பூங்கோதை பார்த்திருக்கிறாள்.

இந்த வாகையின் நிழல் எண்பத்து மூன்று. வெட்டினால் அறுபத்திரண்டு.

"எதுக்கும் அவனுக்குத் தாக்கல் சொல்லோணும்," என்றார் நாச்சிமுத்து. "உரியவன் சம்மதம் இல்லாம நெழலக் கொறைக்க முடியாது."

தெய்வசிகாமணி சைபீரியாவில், லேனா ஆற்றங்கரையில் இருந்தான். பனி உருகிய நிலத்தில் காடு வளர்க்கும் வேலை. மூன்று வருடத்தில் வருவதாகப் போனவன். பிறகு அடுத்த வருடம் என்றான். பிறகு ஆற்றுப்பாதை திறந்ததும் என்றான். பொய் சொல்கிற ஆள் இல்லை. ஒவ்வொரு முறையும் அதை நம்பித்தான் சொன்னான், அவளும் நம்பித்தான் கேட்டாள். இரண்டு பேர் படுக்கும் கட்டிலில் அவள் இன்னும் சுவரோரமாகவே படுக்கிறாள்.

திரையில் அவன் முகம் வந்தது. கம்பளித் தொப்பி, நரைத்த தாடி. பின்னால் யாரோ அந்நிய மொழியில் சிரித்தார்கள்.

"மாமா, உங்க வாகையில காளான் வந்திருக்குது."

"அடியிலயா?"

"அடியில. வரைஞ்சு பாத்துட்டோம். கால் பங்கு எறக்கோணும். இல்லீன்னா ஆடிக்குத் தாங்காது."

அவன் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டான். "கீழ பள்ளிக்கூடத்துக் கொழந்தைக நிப்பாங்கல்ல?"

"நிப்பாங்க."

"அப்பறம் என்ன யோசனை. எறக்கீரு கோதை. சம்மதம்னு பதிவு பண்ணிக்க."

பூங்கோதை காத்திருந்தாள். காளான் எந்தப் பக்கம் என்று அவன் கேட்பான். எத்தனை வேர் போயிருக்கிறது, எந்தக் கவட்டையில் இறக்கப் போகிறாய், பக்கக் கிளை தாங்குமா, இறக்கியபின் எண்பது மிஞ்சுமா என்று கேட்பான். யாருடைய மரமானாலும் கேட்காமல் அவன் ரம்பத்தைத் தொடவிட்டதில்லை. ஒரு முறை ஒரு வேப்பங்கிளைக்காக வாடிக்கையாளரைக் காலையிலிருந்து மத்தியானம்வரை வாசலில் நிறுத்தி, மூன்று தடவை மரத்தைச் சுற்றி வந்து, கடைசியில் வெட்டவே வேண்டாம் என்று சொல்லித் திரும்பியவன் அவன்.

"வடக்குக் கவட்டை வரைக்கும் எறக்கலாம்னு பாக்கறேன்," என்று எடுத்துக்கொடுத்தாள்.

"நீ பாத்தாப் போதும். உனக்குத் தெரியாததா?" என்றான். பிறகு, "சாப்புட்டியா?"

"ஆச்சுங்க. நீங்க?"

"இனித்தான்."

திரை அணைந்தது. நாச்சிமுத்து கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"என்ன கேட்டான்?"

"ஒண்ணும் கேக்கலீங்ணா."

அவர் சுற்றுவதை நிறுத்தினார். முப்பது வருடம் அவனுக்குக் கயிறு பிடித்தவர். பாதி சுற்றிய கயிற்றைப் பிரித்து முதலிலிருந்து சுற்றத் தொடங்கினார்.

"ஏற ஆளுக்குச் சொல்லட்டுமா? நாளைக்கு வருவான்."

"நானே ஏறறேன்."

"நீ ஏறி எத்தன வருசம் ஆச்சு."

"கீழ நின்னு படிச்சதெல்லாம் என்னத்துக்கு?"

சாலையின் இரு பக்கமும் தடுப்பு வைத்தார்கள். பூங்கோதை இடுப்புவாரை மாட்டி, முடிச்சுகளை இரண்டு முறை இழுத்துப் பார்த்து, ஏறினாள். வாகைப் பட்டை சொரசொரப்பானது, கால் வழுக்காது. வடக்குக் கவட்டைக்கு மேலே ஒரு இடத்தில் சாய்ந்து உட்கார்ந்தபோது ஊர் முழுவதும் தெரிந்தது.

அவள் இவ்வளவு உயரத்திலிருந்து ஊரைப் பார்த்ததில்லை. காவிரிவரை ஒரே பச்சை. கூரைகள் தெரியவில்லை. புங்கு, வேம்பு, இலுப்பை, பூவரசு, நெருக்கமாக, செழிப்பாக, ஒவ்வொன்றும் அளவு குறையாமல். பாதிக்குமேல் தூரத்தில் இருப்பவர்களின் மரங்கள். இந்த ஊர் இவ்வளவு அழகாக இருப்பதற்கு இவ்வளவு பேர் இல்லாமல் இருக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு மரத்தின் கீழும் யாரோ ஒருவர் சுவரோரமாகப் படுத்திருப்பார்.

கிளையை நாச்சிமுத்து பிடித்திருந்த கயிற்றில் கட்டிவிட்டு ரம்பத்தை எடுத்தாள். பெரிய கிளைக்கு மூன்று வெட்டு. முதலில் கிளையின் அடிப்பக்கம், கால்வாசி ஆழம். இல்லாவிட்டால் விழும் கிளை பட்டையை உரித்துக்கொண்டு போகும். இரண்டாவது மேலிருந்து, சற்றுத் தள்ளி, கிளையைப் பிரிக்க. மூன்றாவது, மீதியிருக்கும் துண்டைக் கவட்டையின் தடிப்பை ஒட்டி, அந்தத் தடிப்பைத் தொடாமல். அந்தத் தடிப்பில்தான் மரம் தன் சுவரைக் கட்டும்.

முதல் வெட்டைப் போட்டாள். இரண்டாவதைப் பாதிவரை கொண்டுவந்து நிறுத்தினாள். இந்த இடத்தில் மேலே இருப்பவர் குரல் கொடுக்க வேண்டும்; கீழே இருப்பவர் சுற்றிப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் கிளையை இறக்கக் கூடாது.

"கிளை," என்றாள்.

பதில் இல்லை. கீழே பார்த்தாள். சாலை வெறுமையாக இருந்தது. ஆள் இல்லை, வண்டி இல்லை. நாச்சிமுத்து கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி மரத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டிருக்கும்.

காற்று லேசாக வந்தது. வெட்டு வாய் திறந்து மூடியது. பூங்கோதை அவசரப்படுத்தவில்லை. அவளுக்கும் அந்த நேரம் வேண்டியிருந்தது.

"அண்ணா. கிளை."

நாச்சிமுத்து இடதுபுறம் பார்த்தார், வலதுபுறம் பார்த்தார், கயிற்றை இன்னொரு சுற்று தன் இடுப்பைச் சுற்றிப் போட்டுக்கொண்டார்.

"சரி, அம்மிணி," என்றார்.

அவள் வெட்டினாள். கயிறு விறைத்தது. கிளை ஒரு கணம் அவளோடு சேர்ந்து அசைந்தது. பிறகு தன் முழு இலையோடும் மெதுவாக இறங்கிப் போயிற்று. அது நிறைத்திருந்த இடத்தின் வழியாக வெயில் பேருந்து நிறுத்தத்தின் பெஞ்சுவரை நேராக விழுந்தது.